வாசகர் கேள்வி: ஜெட் ஓட்டாத நான் ஜெட் சிமியுலேட்டர் பரீட்சையில் எப்படித் தேறுவது?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். இரத்மலானையில் பயிற்சி முடித்து, வர்த்தக விமானி அனுமதிப்பத்திரமும் கருவிப் பறப்புத் தகுதியும் எடுத்துவிட்டேன். பறந்ததெல்லாம் செஸ்னாவிலும் சிறிய இரட்டை என்ஜின் விமானத்திலும்தான். கடைசியாகப் பறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இப்போது வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்று சிமியுலேட்டர் (தரையில் இருக்கும் பாவனை விமானி அறை) பரீட்சைக்கு அழைத்திருக்கிறது. ஆறு கிழமை இருக்கிறது. கூடப் படித்தவர்கள் காசு கட்டி ஜெட் சிமியுலேட்டரில் பழகுகிறார்கள். எங்கள் வீட்டில் ஏற்கெனவே படிப்புக் கடன். ஜெட் விமானி அறையைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். பதற்றம் வந்தால் ஆங்கிலமும் தடுமாறுகிறது. "லைசன்ஸ்தான் இருக்கே, இன்னும் என்ன சோதனை?" என்று அப்பா கேட்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தங்கச்சி, அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். அது நியாயமான கேள்வி. அனுமதிப்பத்திரம் என்பது நீங்கள் பாதுகாப்பாகப் பறக்கக்கூடியவர் என்று அரசாங்கம் தந்த சான்று. விமான நிறுவனம் கேட்பது வேறு. "இந்தப் பிள்ளையை எடுத்தால், நாங்கள் ஒதுக்கியிருக்கும் பயிற்சி நேரத்துக்குள் எங்கள் விமானத்தைப் பழகிவிடுவாரா?" இது மட்டும்தான் அவர்களுடைய கேள்வி. உங்களுக்கு ஜெட் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் பறப்பு மணித்தியாலங்களைப் பார்த்துவிட்டுத்தான் அழைத்திருக்கிறார்கள். ஆகவே, ஜெட் தெரியாதே என்ற பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

பரீட்சகரின் ஆசனத்தில் இருந்து பார்க்கும்போது நான் தேடுவது ஒன்றைத்தான்: விமானத்தைக் கையால் ஓட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் மனதில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது? ஹட்டன்–கொழும்பு பஸ்ஸில் முன் சீட்டில் இருந்து போயிருப்பீர்கள். கினிகத்தேனை வளைவுகளில் பழகிய சாரதி கண்டக்டரோடு பேசிக்கொண்டே போவார். எதிரே ஏறி வரும் லொறிக்கு எங்கே ஒதுங்குவது என்று வளைவுக்கு முன்னரே முடிவு செய்திருப்பார். புதுச் சாரதிக்கு ஸ்டியரிங்கோடேயே மனம் நிறைந்துவிடும். கண்டக்டர் பெல் அடித்தாலும் காதில் விழாது. சிமியுலேட்டரில் தோற்பவர்களில் பெரும்பாலோருக்கு விமானம் ஓட்டத் தெரியும். ஓட்டுவதிலேயே மனம் முழுவதும் செலவாகி, கட்டுப்பாட்டாளர் சொன்ன திசை காதில் விழாமல்தான் தோற்கிறார்கள். இந்த ஆறு கிழமையில் உங்கள் வேலை கையைப் பழக்கி மனதைக் காலியாக்குவது. அதற்குப் பெரும்பாலும் காசு தேவையில்லை.

பல நிறுவனங்களில் நடப்பது இதுதான். இரண்டு விண்ணப்பதாரர்களைச் சோடியாக உள்ளே விடுவார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் கவனித்து உதவ வேண்டும்; பிறகு மாறிக்கொள்வீர்கள். ஓட்டோ பைலட், ஓட்டோ திரஸ்ட் (என்ஜின் விசையைத் தானே சரிசெய்வது), ஃபிளைட் டிரெக்டர் (மூக்கை எங்கே வைப்பது என்று திரையில் காட்டுவது) எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். புறப்பாடு, சொன்ன உயரத்துக்கு ஏறி மட்டமாவது, வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, 45 பாகைச் சாய்வில் திருப்பம், ஒரு வி.ஓ.ஆர். (தரையில் இருக்கும் வழிகாட்டி வானொலி நிலையம்) மேல் ஹோல்டிங் (நீள்வட்டமாகச் சுற்றிக் காத்திருப்பது), ரேடார் வழிகாட்டலில் ஐ.எல்.எஸ். இறக்கம் (ஓடுபாதையிலிருந்து வரும் வானொலிக் கற்றைகளைப் பிடித்து இறங்குவது), கோ அரவுண்ட் (இறங்காமல் மறுபடி ஏறுவது). நேரம் இருந்தால் ஒரு என்ஜினை நிறுத்துவார்கள். உங்கள் கருவிப் பறப்புப் பயிற்சியில் வராத விடயம் இதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வேகமும் எடையும்தான் புதிது.

ஆனால் அந்த வேகத்தை அசட்டை செய்யாதீர்கள். 90 நொட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் செஸ்னாவின் மூக்கை ஒரு பாகை உயர்த்தினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 அடி ஏறும். 250 நொட்டில் போகும் ஜெட்டில் அதே ஒரு பாகை நிமிடத்துக்கு 400 அடிக்கு மேல் தூக்கிவிடும். செஸ்னாவில் "கொஞ்சம் இழுத்தேன்" என்று நீங்கள் நினைத்த அளவு, இங்கே சில விநாடிகளில் உங்களை உயர எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடும். ஆகவே ஜெட்டில் திருத்தங்கள் அரைப் பாகை, ஒரு பாகை அளவில் இருக்க வேண்டும். திருத்திவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். என்ஜினும் அப்படித்தான். திரஸ்ட் நெம்புகோலைத் தள்ளியதும் உடனே விசை வராது. அது வருவதற்குள் இன்னும் தள்ளினால் வேகம் மறுபக்கம் ஓடும். வேகப் பட்டையில் ஒரு சிறிய அம்பு இருக்கும். இன்னும் 10 விநாடியில் வேகம் எங்கே நிற்கும் என்று அது காட்டும். வேக எண்ணைத் துரத்துவதை விட அந்த அம்பைப் பார்த்து முன்னரே திரஸ்டை மாற்றப் பழகுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, உங்கள் முதல் பயிற்றுவிப்பாளர் சொன்ன அதே பாடம்: மூக்கின் கோணம், என்ஜினின் விசை, இரண்டும் சரியென்றால் வேகமும் உயரமும் தாமாக வந்து நிற்கும். இது ஆரம்பப் பாடம்தானே என்று தள்ளாதீர்கள். வேகமானி நம்பத் தகாததாகிவிட்டால் என்ன செய்வது என்று ஏ320க்கு எயார்பஸ் தந்திருக்கும் மனப்பாட நடவடிக்கையைப் பாருங்கள். புறப்பட்டதும் என்றால் 15 பாகையும் முழு விசையும். ஏறும் விசைக்குக் குறைத்த பின் 10,000 அடிக்குக் கீழே 10 பாகை, அதற்கு மேலே 5 பாகை. போயிங் 737இலும் அதே சிந்தனைதான்: மடல்கள் (இறக்கையிலிருந்து நீட்டும் தட்டுகள்) வெளியே இருந்தால் 10 பாகையும் 80 வீத விசையும், உள்ளே இருந்தால் 4 பாகையும் 75 வீதமும். வேகமே தெரியாத நேரத்தில்கூட கோணமும் விசையும் உயிரைக் காப்பாற்றும் என்று தயாரிப்பாளர்களே நம்புகிறார்கள். பரீட்சைக்கு முன் நிறுவனம் ஒரு தாள் தரலாம்: மட்டமாக 250 நொட்டுக்கு இவ்வளவு கோணம், இவ்வளவு விசை, ஐ.எல்.எஸ். இறக்கத்துக்கு இவ்வளவு என்று. அது கிடைத்தால் தேவாரம் மாதிரி மனப்பாடம் செய்யுங்கள். ஐந்தாறு வரிகள்தான் இருக்கும்.

இனி வீட்டுப் பயிற்சி. ஒரு பெரிய அட்டையில் ஜெட்டின் பிரதான திரையை வரையுங்கள். நடுவில் மூக்கு நிலை, இடது பக்கம் வேகப் பட்டை, வலது பக்கம் உயரப் பட்டை, கீழே திசை. செஸ்னாவில் வட்ட வட்டமாகப் பார்த்தவை இங்கே ஒரே திரையில் நெருங்கி இருக்கும். அதனாலேயே ஓர் ஆபத்து: எல்லாம் ஒரே பார்வையில் தெரிவதுபோல் தோன்றி, கண் ஓரிடத்தில் உறைந்துவிடும். கண் எப்போதும் நடுவிலிருந்து புறப்பட்டு நடுவுக்கே திரும்ப வேண்டும். நிலை, வேகம், நிலை, உயரம், நிலை, திசை. அட்டையைச் சுவரில் ஒட்டி, கதிரையைப் போட்டு, இடது கையில் ஒரு தடியும் வலது கை திரஸ்டிலும் இருப்பதாக வைத்து உட்காருங்கள். எந்தப் பக்க ஆசனம் என்று தெரிந்தால் கையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு முழுப் பறப்பையும் உண்மையான நேரத்தில் வாய்விட்டுச் சொல்லி ஓட்டுங்கள். ஒரு நிமிடத் திருப்பம் என்றால் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் ஓட வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் போதும். மின்வெட்டு வந்தாலும் இந்தச் சிமியுலேட்டர் நிற்காது.

இதை நான் ஓர் ஏழைப் பிள்ளைக்கான மாற்று வழியாகச் சொல்லவில்லை. பெரிய விமானங்களுக்கு மாறும் அனுபவமுள்ள விமானிகளும் கதிரையில் இருந்துதான் பழகுகிறார்கள். கைநிறையச் சம்பளம் வாங்குபவர்களும்கூட.

கணக்குகளை நடந்துகொண்டே செய்யுங்கள். தோட்டத்து ரோட்டில் ஏறி இறங்கும்போது, மூச்சு வாங்கும்போது, யாராவது பேச்சுக் கொடுக்கும்போது செய்தால் இன்னும் நல்லது. பரீட்சையில் மனம் அப்படித்தான் இருக்கும். மூன்று பாகைச் சரிவில் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்குவது? தரை வேகத்தை ஐந்தால் பெருக்குங்கள்: 140 நொட்டுக்கு 700 அடி. எங்கிருந்து இறங்கத் தொடங்குவது? ஆயிரங்களில் உயரத்தை மூன்றால் பெருக்குங்கள்: 9,000 அடிக்கு 27 கடல் மைல், வேகம் குறைக்க இன்னும் சில மைல். ஐந்து மைலில் ஓடுபாதைக்கு மேலே எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? சுமார் 1,600 அடி. மட்டமாவதற்கு எப்போது தொடங்குவது? ஏறும் வேகத்தில் பத்தில் ஒன்று: நிமிடத்துக்கு 2,000 அடி ஏறினால் 200 அடிக்கு முன்பு.

ஹோல்டிங்கில்தான் மனம் அதிகம் நிறைந்துபோகும் என்பதால் அதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். வாசலில் சுண்ணக்கட்டியால் ஓட்டப் பாதையை வரைந்து, வரும் திசையை ஒவ்வொரு முறையும் மாற்றி, எந்த வகை நுழைவு என்று முடிவெடுத்து, கால்களாலேயே நடந்து பாருங்கள். 14,000 அடி வரை வெளிச்செல்லும் பகுதி ஒரு நிமிடம். காற்று தள்ளுவதை ஈடுசெய்ய உள்வரும்போது எத்தனை பாகை திருத்தினீர்களோ, வெளியே போகும்போது அதன் மூன்று மடங்கு. நுழைவு வகையை வி.ஓ.ஆருக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே தீர்மானித்து, சோடிக்குச் சொல்லிவிட வேண்டும். மேலே வந்து நின்றபின் யோசிப்பவரின் உயரம் அந்த நேரத்தில் நழுவிவிடும்.

இலக்கு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிய விமானங்களுக்கான ஐரோப்பியத் திறன் பரீட்சையின் எல்லைகளை வைத்துக்கொள்ளுங்கள்: உயரம் 100 அடிக்குள், வேகம் 5 நொட்டுக்குள், திசை 5 பாகைக்குள், ஐ.எல்.எஸ். ஊசி நடுவிலிருந்து அரை அளவுக்குள். ஆட்சேர்ப்புப் பரீட்சையில் இதைத் தாண்டியதும் வெளியே போகச் சொல்வதில்லை. தாண்டியதைக் கண்டீர்களா, சொன்னீர்களா, திருத்தினீர்களா என்று பார்ப்பார்கள். முதல் திருப்பத்தில் 200 அடி இழந்து, "உயரம், திருத்துகிறேன்" என்று சொல்லி, இரண்டாவது திருப்பத்தில் 50 அடிக்குள் வைத்திருக்கும் பிள்ளையை எனக்குப் பிடிக்கும். பழகக்கூடியவர் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

இப்போது நம்முடைய மலைகளைப் பற்றி ஒன்று. இதை நீங்கள் மற்ற எவரையும் விட நன்றாக விளங்கிக்கொள்வீர்கள். 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மார்ட்டின் எயார் டி.சி.8 விமானம், நோர்ட்டன் பிரிட்ஜ் – மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதில் இருந்த 191 பேரும் இறந்தார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு அந்த இரவு இன்னும் நினைவிருக்கும். என்ஜின் நின்றுபோய் நடந்த விபத்து அல்ல அது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைச் சரியாக நிர்ணயிக்காமல், ஓடுபாதைக்குச் சுமார் 40 கடல் மைல் முன்பே தாழ இறங்கிவிட்டார்கள். அதற்கு மூன்று நாள் முன்பு அமெரிக்காவின் வெர்ஜீனியாவிலும் டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் இப்படித்தான் இறக்கத்தில் மலையில் மோதியது. அதன் பிறகே தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா பெரிய விமானங்களுக்குக் கட்டாயமாக்கியது.

சிமியுலேட்டரில் இதற்கு என்ன வேலை என்றால், கட்டுப்பாட்டாளராக நடிக்கும் பரீட்சகர் "3,000 அடிக்கு இறங்குங்கள்" என்று சொல்வார். வரைபடத்தில் அந்தப் பக்கத்தின் குறைந்தபட்ச பாதுகாப்பு உயரம் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். சிலர் வேண்டுமென்றே அப்படிச் சொல்வார்கள். "சரி" என்று இறங்குபவரையும், "பாதுகாப்பு உயரத்துக்குக் கீழே போகிறது, உறுதிப்படுத்துங்கள்" என்று கேட்பவரையும் பிரித்துப் பார்க்க அது ஒன்றே போதும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: நான் எங்கே, சுற்றிலும் உயர்ந்த நிலம் எது, எவ்வளவு வரை இறங்கலாம். 8,281 அடிப் பிதுருதலாகலையின் பக்கத்தில் வளர்ந்த உங்களுக்கு நிலம் உயரும் என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த அறிவைத் திரைக்கு முன்னும் கொண்டு வாருங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். தமிழ்மொழிப் பாடசாலையில் படித்து வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தப் பயம் உண்டு. உச்சரிப்பு அழகுக்கு அங்கே புள்ளி இல்லை. வானொலியில் பேசுவது பெரும்பாலும் வரையறுக்கப்பட்ட வாக்கியங்கள், அவற்றை உருப்போடலாம். திசை, உயரம், வேகம், கியூ.என்.எச். (உயரமானியில் வைக்கும் காற்றழுத்த எண்), ஓடுபாதை, அலைவரிசை ஆகியவற்றைத் தப்பாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். தம்பியோ தங்கையோ இருந்தால் ஒரு கொப்பியில் முப்பது நாற்பது அறிவுறுத்தல்களை எழுதிக் கொடுத்து, நீங்கள் அட்டைக்கு முன் ஓட்டிக்கொண்டிருக்கும்போது இடையிடையே வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு அர்த்தம் புரிய வேண்டியதில்லை. விளங்காவிட்டால் "சே அகெய்ன்" (மறுபடி சொல்லுங்கள்) என்று உடனே கேளுங்கள். ஊகித்துத் திருப்பிச் சொல்வதுதான் பிழை, கேட்பது பிழையல்ல.

ஓட்டாத பாதியில் பலர் கோட்டை விடுகிறார்கள். தன் முறை முடிந்ததும் மூச்சு விட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். அல்லது பக்கத்தில் இருப்பவர் போட்டியாளர்தானே, அவர் தடுமாறினால் நமக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். பரீட்சகர் இரண்டு பேரையும் எடுக்கலாம், இரண்டு பேரையும் விடலாம். சோடியின் வேகம் குறைந்தால் "ஸ்பீட்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்த அலைவரிசையைத் தயாராக்கி வையுங்கள், வரைபடத்தைத் திறந்து வையுங்கள், அவர் திணறும்போது "ஹோல்டிங் நுழைவை நான் பார்த்துச் சொல்லவா?" என்று கேளுங்கள். நம் வீடுகளில் பெரியவர்களின் பிழையைச் சுட்டிக்காட்டக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள், அதுவும் பெண் பிள்ளைகளை. விமானி அறையில் அந்த மரியாதைக்கு வேறு வடிவம். உங்களைவிட இருபது வயது மூத்தவர் பக்கத்தில் இருந்தாலும், ஊசி விலகினால் சொல்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

புறப்படும்போது ஒரு என்ஜின் நின்றால் அவசரமாக எதையும் தொடாதீர்கள். ஏ320 என்றால் மூக்கை 12.5 பாகையில் வைத்து, கால் மிதியால் மூக்கை நேராக்கி, குறைந்தது 400 அடி வரை வேறு எதையும் செய்யாமல் ஏறுங்கள். கோளாறின் பெயர் சொல்லி, சரிபார்ப்புப் பட்டியல் கேட்டு, வேலை செய்வதெல்லாம் அதன் பிறகு.

காசு விடயம். கூடப் படித்தவர்கள் சிமியுலேட்டருக்குக் கட்டுவதைப் பார்த்து இன்னொரு கடன் எடுக்காதீர்கள். அட்டைப் பயிற்சி நான்கு கிழமை செய்த பின், கையில் காசு இருந்தால் மட்டும், ஒரு மணித்தியாலம் வாங்கலாம். முன்கூட்டியே வாங்கினால் அந்த நேரத்தில் பாதி, எந்தப் பொத்தான் எங்கே என்று தேடுவதில் போய்விடும். கணினியில் வீட்டுச் சிமியுலேட்டர் இருந்தால் அதுவும் நல்லதே. கண் ஓட்டத்துக்கும் ஹோல்டிங்குக்கும் நிறைய உதவும். கையின் உணர்வை மட்டும் அதில் எதிர்பார்க்காதீர்கள். இடைநிறுத்தும் பொத்தானை ஒருபோதும் அழுத்தாதீர்கள். அங்கே அது இருக்காது.

பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக் காலமென்றால் மண்சரிவால் ரோட்டும் ரயிலும் எந்த நேரமும் நிற்கும். விமானத்துக்கு ஒரு நாள் முன்பே மலையிலிருந்து இறங்கி, நீர்கொழும்புப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். பரீட்சை நடக்கும் ஊருக்கும் முதல் நாளே போய்ச் சேருங்கள். பறப்புப் பதிவுக் கொப்பி, அனுமதிப்பத்திரம், முதலாம் வகுப்பு மருத்துவச் சான்று எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள்.

முடிந்ததும் பரீட்சகர் "எப்படி இருந்தது?" என்று கேட்பார். அதுவும் பரீட்சைதான். சிமியுலேட்டர் புதிது, திரை மங்கல் என்று காரணம் சொல்ல வேண்டாம். "முதல் திருப்பத்தில் உயரம் இழந்தேன், கண் வேகத்திலேயே நின்றுவிட்டது, இரண்டாவதில் திருத்தினேன்" என்று நடந்ததைச் சொல்லுங்கள். சரியாகச் செய்ததையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்த வகை விமானத்தின் சிமியுலேட்டர், கோணமும் விசையும் உள்ள தாள் முன்கூட்டித் தருவார்களா, எந்த ஆசனத்தில் இருந்து ஓட்ட வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். ஏ320 என்றால் கட்டுப்பாட்டுக் கோலைச் சிறிதாக அசைத்து விட்டுவிட வேண்டும். விமானம் தானே ட்ரிம் செய்து (கை அழுத்திப் பிடிக்காமலே மூக்கு நிலைத்திருக்கும்படி சரிசெய்து) நீங்கள் வைத்த பாதையைப் பிடித்துக்கொள்ளும். 737 என்றால் ட்ரிம் உங்கள் கட்டைவிரலில். திரஸ்ட் கூட்டினால் மூக்கு எழும்பும், குறைத்தால் விழும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ட்ரிம் செய்ய வேண்டும். பதில் 737 என்று வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அதற்கு மட்டும் தனியாக ஒரு பயிற்சி சொல்லித் தருகிறேன்.